நிலைப்பொருட் படமும் கூட்டுக் கலையுணர்வும்

கலைஞன் தனிமையிலேயே படைக்கின்றான் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்துக்குச் சான்றாக முதற்கண் எடுத்துக் காட்டத்தக்கது நிலைப்பொருட் படமே. ஓர் அறை, ஒரு சாளரம், மேசைமேல் ஒரு கிண்ணம், அதனெதிரே ஒரு புகைப்படக் கருவி, கருவியின் பின்னே ஒரு மனிதன். வேறொருவர்க்கு அங்கே இடமில்லை போலத் தோன்றும். எனினும், இக்கலையின் வரலாற்றை ஆராய்வார் காணும் உண்மை வேறு. சிறந்த நிலைப்பொருட் படங்கள் பல, ஒருவர் கண்டதை மற்றொருவர்க்குக் காட்டியமையால் பிறந்தவை.

புகைப்படக் கலை தோன்றிய நாளிலேயே நிலைப்பொருட் படமும் தோன்றிவிட்டது. பிரான்சியரான தாகர் 1837ஆம் ஆண்டிலே தம் கலைக்கூடத்துச் சுதை வார்ப்புகளை ஒழுங்குற அமைத்துப் படம் பிடித்தார். அக்காலத்துத் தகடுகள் ஒளியை ஏற்க நெடுநேரம் வேண்டின. அசையும் மனிதனை அவற்றிற் பதித்தல் அரிது. அசையாப் பொருளைப் பதித்தல் எளிது. ஆகவே, தேவையின் பொருட்டுத் தொடங்கிய ஒன்று பின்னர் விருப்பத்தின்பாற்பட்ட கலையாயிற்று. இக்கலையைப் பிரான்சியர் ‘இறந்த இயற்கை’ என்று பொருள்படவும், ஆங்கிலேயர் ‘அசைவற்ற உயிர்’ என்று பொருள்படவும் வழங்குவர். ஒரு பெயர் பொருளிலே சாவைக் காண்கிறது. மற்றது உயிரைக் காண்கிறது. இவ்விரண்டுள் எது பொருந்தும் என்பது எடுத்த படத்தைப் பொறுத்தது.

அமெரிக்கரான எட்வேட் வெஸ்ரன் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றவர். 1927ஆம் ஆண்டில் ஹென்றியற்றா ஷோர் என்னும் ஓவியப் பெண்மணி தீட்டிய சிப்பி ஓவியங்களை அவர் கண்டார். அக்காட்சியே அவரது சங்கு, சிப்பிப் படங்களுக்குத் தூண்டுதலாயிற்று. 1930ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற அவரது புகழ்மிக்க குடைமிளகாய்ப் படம், தகரப் புனல் ஒன்றினுள் அக்காயை வைத்துப் பல நிமிடம் ஒளியேற்றி எடுக்கப்பட்டது. அத்தகைய காய்களை அவர் இல்லத்துக்குக் கொணர்ந்தவர் அவருடன் பணியாற்றிய சோனியா நொஸ்கோவியாக் என்னும் பெண்மணி. அவரும் ஒரு புகைப்படக் கலைஞரே. 1932ஆம் ஆண்டில் இவ்விருவரும் அன்சல் அடம்ஸ், இமோஜன் கனிங்காம் முதலியோருடன் கூடித் தெளிவான உருவத்தையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு குழுவை அமைத்துச் சான் பிரான்சிஸ்கோவிலே காட்சி நடத்தினர். ஆகவே, தனியொருவர் பெயரால் வழங்கும் படங்களின் பின்னே பலர் கண்ணும் கையும் இருந்தன.

வெஸ்ரனின் குடைமிளகாய் வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. அதன் வளைவுகளிலே மனித உடலின் முறுக்கைக் காணாதார் இலர். ஆயினும், அதில் ஒரு குறையும் உண்டு. அந்தக் காய் சந்தையை இழந்தது, அடுக்களையை இழந்தது, விளைந்த நிலத்தையும் இழந்தது. எஞ்சியது வடிவம் ஒன்றே. இக்குறையை எடுத்துக்காட்டத் தமிழிலக்கண மரபு நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் நிலத்தினின்றும் பிரிக்கப்படாதது. நெய்தற்குரிய பறவையும் பூவும் பறையும் யாழும் நெய்தல் நிலத்தையும் அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தையும் உடன்கொண்டே வருகின்றன. கருப்பொருளின் வழியே வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றைப் புலப்படுத்துவதை இறைச்சி என்பர். சிறந்த நிலைப்பொருட் படமும் இறைச்சி உடையதாதல் வேண்டும். கிண்ணத்தைக் கண்டவுடன் அதை ஏந்திய கை நினைவுக்கு வருதல் வேண்டும்.

இவ்வளவுகோலால் நோக்குமிடத்து, செக் நாட்டுக் கலைஞரான ஜோசப் சுடெக் வெஸ்ரனினும் நமது மரபுக்கு அண்மையில் நிற்கின்றார். முதல் உலகப் போரிலே வலக்கையை இழந்த அவர், பிராக் நகரில் தம் கலைக்கூடத்துச் சாளரத்தை 1940 முதல் 1954 வரை மீண்டும் மீண்டும் படமெடுத்தார். சாளரத்தட்டிலே ஒரு கண்ணாடிக் குவளை. அதன் பின்னே பனியோ மழையோ படிந்த கண்ணாடி. பொருள் எளியது, ஆனால் பருவமும் காலமும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. இஃது இறைச்சியுடைய படம்.

இலங்கையிலே இக்கூட்டுக் கலையுணர்வுக்குத் தலைசிறந்த சான்று லயனல் வென்ற். 1900ஆம் ஆண்டிற் பிறந்து 1944ஆம் ஆண்டில் மறைந்த இவர் வழக்கறிஞர். பியானோ இசைப்பதில் வல்லவர். புகைப்படக் கலையிலே உலகறிந்தவர். இவர் பெரிதும் அறியப்படுவது மனித உருவப் படங்களாலும் நிலக்காட்சிகளாலுமே. எனினும், ஒளிமாற்று முறை, பல படங்களை ஒன்றிணைக்கும் முறை முதலியவற்றைப் பயின்று, அமைத்துக் காணும் கலைக்கு இந்நாட்டில் வழிகாட்டினார். 1943ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி முதலிய ஓவியரை ஒன்றுசேர்த்த ‘நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழு’ இவர் முயற்சியால் எழுந்தது. ஓவியர் கூட்டத்துக்குப் புகைப்படக்காரர் ஒருவர் நடுநாயகமாக நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது. வென்ற் மறைந்தபின் அவருடைய படச்சுருள்கள் அழிக்கப்பட்டன. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த நூலும், எஞ்சிய அச்சுப்பிரதிகளுமே இன்று அவரைக் காட்டுகின்றன.

இனி, கிழக்குக் கரையை நோக்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர்கள் கருப்பொருள் வளம் மிக்கவை. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கிழந்த யாழின் வடிவத்தை இலக்கியச் சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார். ஒரு பொருளை உற்று நோக்கினால் ஒரு நாகரிகமே புலப்படும் என்பதற்கு அந்நூல் சான்று. அயலே உள்ள முஸ்லிம் ஊர்களில், உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குவது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரற்ற பொருளை வரைவதற்கோ அத்தகைய தடை கூறப்படுவதில்லை. ஆதலின், நிலைப்பொருட் படம் இக்கரைக்கு இயல்பாகவே உரிய கலையெனலாம்.

மருதமுனையின் தறியும் நாடாவும், பன்னில் இழைத்த வண்ணப் பாயும், விருந்தினர் முன் வைக்கும் வெற்றிலை வட்டாவும், நெல்லளக்கும் மரைக்காலும் இங்குள்ள பொருள்கள். ஆனால், இவற்றைக் கடையிலே பரப்பிய சரக்குப்போல் ஒருங்கே குவித்துப் படமெடுத்தல் கலையாகாது. நெசவாளர் வேலையை நிறுத்தி எழுந்தபோது நாடாவை எந்தப் பக்கம் வைத்தார் என்பதை நெசவாளரே அறிவார். வட்டாவை எத்திசை நோக்கி வைப்பது மரியாதை என்பதை வீட்டுப் பெரியவரே சொல்வார். அவர்களைக் கேளாது அமைத்த படம் அழகாயிருப்பினும் பொய்யாகும். கேட்டு அமைத்த படத்திலே, படமெடுத்தவர் ஒருவராயினும் படைத்தவர் இருவராவர். ஓவியர் ஓவியருக்குத் தரும் உதவியைப் பாராட்டுகின்ற விமரிசகர், பொருளைச் செய்தவர் தரும் உதவியை மறந்துவிடுவது நேர்மையன்று. படத்தின் கீழே படமெடுத்தவர் பெயர் இருக்குமாயின், பாயை இழைத்தவர் பெயரும், அவர் விரும்பின், இருத்தல் வேண்டும்.

இது வெறும் மரியாதை பற்றிய செய்தியன்று. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் இக்கரைமீது எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளோடு வீட்டுப்பொருள்களும், அவற்றின் இடமறிந்த கைகளும் சென்றன. பொருள் ஒன்றை மீண்டும் வாங்கலாம். அது வீட்டிலே எங்கே, எவ்வாறு, எவர் அருகில் இருந்தது என்பதை வாங்க இயலாது. அதனைக் காக்க வல்லது நினைவும், நினைவுள்ளவரோடு கூடியிருந்து எடுத்த படமுமே. அழிந்துபோன வென்றின் படச்சுருள்களும் இதே பாடத்தையே உணர்த்துகின்றன.

ஆகவே, நிலைப்பொருட் படக் கலைஞன் தன் தூண்டுதலைத் தொலைவிலே தேடவேண்டுவதில்லை. வெஸ்ரனுக்கு ஓர் ஓவியப் பெண்மணி சிப்பியைக் காட்டினார். சுடெக்குக்குச் சாளரம் பருவத்தைக் காட்டிற்று. வென்றைச் சூழ ஓவியர் நின்றனர். கல்முனைக் கரையின் கலைஞனுக்கு நெசவாளரும் பாயிழைப்பவரும் காட்டுவார்கள். அவர்கள் காட்டக் காணும் பணிவுடையவன் எடுக்கும் படத்திலே பொருள் அசைவற்றிருக்கும், ஆனால் உயிரற்றிராது.