எரிக்க எதுவும் இல்லாதவர்

கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்’ (2020) உத்தரப்பிரதேசத்தில் ஒரு வெப்ப அலையோடு தொடங்குகிறது. கரண்ட் போன ஊர், ஏரியில் இறங்கி நின்றே சாகிறது. பிழைப்பவர் அமெரிக்கரான ஃபிராங்க். அப்புறம் கதை ஜூரிச்சுக்குப் போய்விடுகிறது.

அங்கே பேசப்படும் தீர்வு ‘கார்பன் காயின்’. காற்றில் கார்பன் கலக்காமல் தடுத்தால் மத்திய வங்கிகள் காசு தரும். கோட் எழுதுறவனா பார்த்தா அழகான டிசைன். ஆனா உள்ளே நுழைய என்ன வேணும்னு பாருங்க. எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர் எடுக்காமல் விட்டால் காசு. மண்ணில் கார்பன் சேர்க்கும் விவசாயிக்கும் காசு. அதுக்கு நிலம் வேணும். நிலமும் இல்லாத கூலிக்காரர் எதை நிறுத்திக் காட்டுவார்?

தடுத்தவருக்குப் பரிசு, இழந்தவருக்கு ஈடு: ரெண்டும் வேற வேற கணக்கு. முதல் கணக்கைத்தான் நாவல் விரிவாக எழுதுகிறது. ஏரிக்கரையில் செத்தவங்க கணக்கு அப்படியே பாக்கி நிற்கிறது.