அளவும் பார்வையும்

கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்து, 1956ல் கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்ற ‘மௌன உலகம்’ படத்தை இன்று பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கலிப்ஸோ கப்பலிலேயே குடியிருந்து கடலுக்குள் இறங்கியவர்கள், ஒரு பவளத்திட்டின் மீன்களைக் கணக்கெடுக்க வெடி வைக்கிறார்கள். செத்தவற்றைப் பொறுக்கி எண்ணுகிறார்கள். வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த எண்ணும் வெறி புரிகிறது. இதைப் பார்வை என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்நிலையில் வைக்கப்படுவது நுண்மை வழிபாடு. 1969ல் நியூ கலிடோனியாவில் பார்கிபான்ட் என்பவர், சேகரித்து வந்த விசிறிப் பவளமொன்றை ஆராய்ந்தபோதுதான் அதில் ஒட்டியிருந்த குட்டிக் கடற்குதிரைகள் தெரிந்தன. சுமார் 2 சென்டிமீட்டர் உடம்பு. பவளத்தின் மொக்குகளைப் போலவே முண்டுகள். இன்று இந்தோனேஷியாவின் ராஜா அம்பட்டில் நாட்கணக்கில் படகிலேயே தங்கி, இதைப் பார்க்க மூழ்குகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் படங்கள் அழகானவை. ஆனால் முதுகு காட்டும் பிராணியைக் குச்சியால் திருப்பிவிட்டுப் படமெடுக்கிறவர்களும் உண்டு. குச்சி சட்டகத்துக்குள் வராது.

கூஸ்தோ தன் வெடியை மறைக்கவில்லை. அவரை நிராகரிக்கத் தேவையான சாட்சியத்தை அந்தப் படமே நம் கையில் தருகிறது. அழகான படம் அதைத் தருவதில்லை.

சிறியதை எழுதிவிட்டாலே நுட்பம் கைகூடியதாக நம்பும் கவிதைகளைப் படிக்கும்போதும் எனக்கு இந்தச் சந்தேகம் எழுகிறது. எறும்பும் பனித்துளியும் இவ்வளவு வாகாக முகம் காட்டி நிற்கின்றனவே, திருப்பியது யார்?