அகுஸ்தினாரின் முதுகுத் தழும்புகள்

புதுநன்மைக்கு முந்தின நாள், தலைச்சோலையிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து முதல் பாவசங்கீர்த்தனம் செய்தபோது எனக்கு ஒன்பது வயது. என்ன சொல்றதுன்னு தெரியல. பொய் சொன்னேன், தம்பியை அடிச்சேன், பக்கத்து எஸ்டேட்டில் ஆரஞ்சு திருடினேன். ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் 'நான்'தான். எனக்கு யாராவது ஏதாவது செய்திருந்தால் அதை எந்த வாக்கியத்தில் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

தேவைப்பட்டவன் என் நண்பன். வேறொரு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே பொறுப்பிலிருந்த ஒருவர் தனக்குச் செய்ததை முப்பது வயதுக்கு மேல்தான் என்னிடம் சொன்னான். அதற்கு முன் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறான், பாவசங்கீர்த்தனத் தொட்டியில், தன் பாவமாக. "அசுத்தமான காரியம் பண்ணிட்டேன் சாமின்னு சொன்னேன். மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி மன்னிப்பு குடுத்தாரு. எனக்கு எதுக்குடா மன்னிப்பு?"

அந்தக் கேள்வியோடுதான் அகுஸ்தினாரின் 'கன்ஃபெஷன்ஸ்' நூலை மறுபடி வாசித்தேன். நான்காம் நூற்றாண்டின் முடிவையொட்டி எழுதப்பட்ட அதில் எல்லாருக்கும் நினைவிருப்பது இரண்டாம் புத்தகத்தின் பேரிக்காய்த் திருட்டு. பதினாறு வயதில் பசியில்லாமல், சும்மா திருடிய காய்கள். அந்தப் புத்தகத்தின் பாதிக்கு மேல் அதைப் பற்றிய விசாரணைதான். ஆனால் முதல் புத்தகத்தில் இன்னொரு இடம் உண்டு. பள்ளியில் அடிக்கிறார்கள். இனி அடிவிழக் கூடாது என்று அந்தச் சிறுவன் கடவுளிடம் கெஞ்சுகிறான். தழும்புகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், பெற்றோர் உட்பட. அடிக்கிறவர்களும் விளையாட்டில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள், அதற்கு மட்டும் வேறு பெயர் என்பதையும் அவர் பார்த்துவிடுகிறார். அந்த இடத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆனாலும் நான் பாவம் செய்தேன், விளையாட்டை நேசித்தேன் என்று தன் பக்கமே திரும்பிவிடுகிறார். பால்குடிக் குழந்தையின் பொறாமையில்கூடப் பாவத்தைத் தேடுபவர், அடிபட்ட சிறுவனுக்காக ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்கவில்லை.

இது ஓர் எழுத்தாளரின் சுபாவம் மட்டுமல்ல. பெலாஜியஸுக்கு எதிராக அவர் வளர்த்த பிறப்புநிலைப் பாவம் என்ற கருத்தை 418இல் கார்த்தேஜ் சங்கம் ஏற்றது. குழந்தையும் பாவத்தோடுதான் பிறக்கிறது. டொனாட்டியர்களுக்கு எதிராக அவர் நிறுவியது இன்னொன்று: குரு பாவியாக இருந்தாலும் அவர் தரும் அருட்சாதனம் செல்லும். 'என் ஞானஸ்நானம் செல்லுமா?' என்று தவித்த சாதாரண மக்களுக்கு அது பெரிய ஆறுதல். பாவியான குருவைப் பதவியில் வைத்திருங்கள் என்று அது சொல்லவில்லை. ஆனால் ஆளையும் பதவியையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு, பதவியைக் காப்பாற்றும்போது ஆளும் சேர்ந்தே தப்பிப்பது கண்ணில் படாமல் போகலாம்.

ஆதித் திருச்சபைக்கு வேறு குரலும் இருந்தது. 'டிடாக்கே' என்ற மிகப் பழைய போதனை நூல் கொலை, விபசாரம் ஆகியவற்றோடு சேர்த்துச் சிறுவர்களைக் கெடுப்பதையும் தடை செய்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம், சிறுவர்களைச் சீரழிப்பவர்களுக்குச் சாகும் தருவாயிலும் நற்கருணை இல்லை என்றது. கொடூரமான விதிதான். அதிலும் அந்தச் சிறுவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

நம் பக்கத்து மலைக்கு வருவோம். ஊட்டி மறைமாவட்டக் குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004-05இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியவர். 2012இல் இங்கே கைதாகி, 2014இல் அங்கே ஒப்படைக்கப்பட்டார். பதின்வயதுப் பெண் ஒருவரிடம் செய்த பாலியல் குற்றத்தை 2015இல் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து ஊர் திரும்பினார். 2016 தொடக்கத்தில், ரோமைக் கலந்தாலோசித்த பிறகு, அவர்மீதான பணித்தடையை ஊட்டி ஆயர் நீக்கினார். பாவி, தண்டனை, மன்னிப்பு, மீட்சி என்று கதை முழுமையாக இருக்கிறது. அந்தக் கதையில் அந்தப் பெண் எங்கே?

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இந்தக் குற்றம், குருக்கள் தங்கள் சிறப்புக் கடமைகளை மீறும் குற்றங்களோடு இருந்தது. அதாவது, கெட்டுப்போனது அவருடைய கற்பு விரதம். 2021இல் அதை மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களின் பகுதிக்கு மாற்றினார்கள். உண்மையான முன்னேற்றம். ஆனாலும் அந்த விதி இன்றும் அதை ஆறாம் கட்டளைக்கு, விபசாரம் செய்யாதே என்ற கட்டளைக்கு, எதிரான குற்றம் என்றே சொல்கிறது. தலைப்பு மாறிவிட்டது, வாக்கியம் மாறவில்லை.

கோட்பாடுதான் துன்புறுத்தியது என்று நான் சொல்லவில்லை. துன்புறுத்தியவர்கள் மனிதர்கள், மறைத்தவர்களும் மனிதர்கள். ஆனால் ஒன்பது வயதில் எங்கள் எல்லாருக்கும் பேசக் கொடுக்கப்பட்ட மொழியில், 'எனக்குச் செய்தார்கள்' என்ற வாக்கியம் இல்லை.

போன மாதம் நண்பனுக்கு அந்த முதல் புத்தகப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பேரிக்காயைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அம்மாவுமா சிரிச்சாங்க?" என்றான்.

ஆமாம் என்றேன்.