ஒட்டுத் தெரியாத ஒட்டு

குமணன்சாவடியில் இருப்பவர்களுக்கு சினிமா யூனிட் வேன் புதிதல்ல. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ஹைவேயில் கொஞ்ச தூரம் போனால் ஈவிபி ஃபிலிம் சிட்டி. 2020 பிப்ரவரி 19 இரவு அங்கேதான் ‘இந்தியன் 2’ செட்டில் விளக்குகளைத் தூக்கி நின்ற கிரேன் சரிந்தது. உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள்.

அந்தப் படத்தைத் திட்ட ஆளுக்குக் குறைவில்லை, நானும் திட்டுவேன். 2024 ஜூலை 12-இல் மூன்று மணி நேரப் படமாக வந்தது. வந்தபின் 12 நிமிடம் வெட்டியும் நீளம் உறுத்தியது. ஆனாலும் திரும்பப் பார்க்கிறேன், ‘பேட்ச் வொர்க்’குக்காக. விட்டுப்போன ஷாட்டைப் பின்னால் எடுத்து இடைவெளியில் செருகும் அந்த வேலையை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதானே அதன் வெற்றி!

2019-இல் தொடங்கிய படப்பிடிப்பு. விபத்து, பிறகு ஊரடங்கு. 2021-இல் தயாரிப்பாளரான லைகா நிறுவனம் இயக்குநர் ஷங்கருக்கு எதிராக உயர்நீதிமன்றம் போனது. வேலை மறுபடி ஆரம்பித்தது 2022 ஆகஸ்டில். அதற்குள் நடிகர்களில் விவேக் இல்லை, நெடுமுடி வேணு இல்லை. படம் வெளிவருவதற்குள் மனோபாலாவும் போய்விட்டார். இத்தனை வருடம் நடித்த விவேக்குக்குக் கமல் படம் வாய்த்தது இதில்தான்.

செட்டைத் திரும்பப் போடலாம், கால்ஷீட்டைத் திரும்ப வாங்கலாம். போன முகத்துக்கு என்ன செய்வது? 1996-இல் வந்த முதல் ‘இந்தியன்’ படத்தில் கமலின் சேனாபதியைத் துரத்திய கிருஷ்ணசாமியாகவே வேணு இதிலும் வருகிறார். மீதியை டூப்பும் கிராபிக்ஸும் பார்த்துக்கொண்டன. ஆனால் கணினியைவிட இதில் எடிட்டரின் கைக்குத்தான் வேலை அதிகம். பேசுகிறவரைக் காட்டாமல் கேட்கிறவர் முகத்தில் எத்தனை நொடி நிற்கலாம், தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அது. ஒரு நொடி கூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்ரீகர் பிரசாத்தின் கை அந்த ஒரு நொடியை அறிந்த கை. பழைய ஷாட்டின் வெளிச்சம் புதியதிலும் அதே பக்கமிருந்து விழவேண்டும் என்பது ஒளிப்பதிவாளர் ரவி வர்மனின் தலைவலி.

இதில் ஒரு வேடிக்கை. ஐந்து வருடத்தில் எல்லோருக்கும் தாடை மாறும், கண்ணோரம் சுருங்கும், கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநருக்குத் தூக்கம் போகும். சேனாபதி முகம் மட்டும் அப்படியே இருக்கும். அச்சில் வார்த்து ஒட்டும் தோலுக்கு ஏது வயது? படத்திலேயே அதிக வயதான மனிதர்தான் காலத்தால் தொந்தரவே தராதவர். (அவர் வயதைக் கூட்டிப்பார்த்து நூறைத் தாண்டுகிறதே என்று கேலி செய்தவர்கள் தனி.)

இவ்வளவு நுணுக்கமாக ஒட்டியவர்கள் கதையை மட்டும் நடுவில் வெட்டி, பாதியை மூன்றாம் பாகத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அன்றிரவு கிரேனிலிருந்து நூலிழையில் தப்பிய காஜல் அகர்வாலின் காட்சிகள்கூட அங்கேதான் போய்விட்டன. படத்தில் பல்லிளிக்கிற தையல் அது ஒன்றுதான், அதைப் போட்டது விபத்தோ வழக்கோ அல்ல.