நிலத்தடிச் சான்றும் கடாரம் பற்றிய எழுத்தும்

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அங்கு நிகழ்ந்த புவி இயற்பியல் ஆய்வை மண்ணுக்கு எடுத்த ஊடுகதிர்ப் படம் என உவமிக்க விரும்புவர். வகுப்பறைக்கு எளிய உவமைதான், ஆயினும் பொருந்தாதது. ஊடுகதிர்ப் படத்தில் எலும்பின் நிழல் நேரே விழுகின்றது. நிலத்தடி ஆய்விலோ மேற்பரப்பில் எண்களே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து அடியில் உள்ளது யாதெனப் பின்னோக்கிக் கணிக்க வேண்டும். ஒரே அளவீட்டுத் தொகுதிக்குப் பல நிலத்தடி அமைப்புகள் பொருந்தக்கூடும். ஆகவே அச்சில் நாம் காணும் வண்ணப்படம், மூலத்துக்கு உரையாசிரியர் கொள்ளும் பொருளைப் போன்றது, மூலமன்று.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009இல் அகழாய்வு தொடங்கிய சுங்கை பத்துவில் மின்முறை, காந்தமுறை ஆகிய இரண்டும் பயன்பட்டன. முன்னதில் இரு மின்முனைகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறிரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டை அளப்பர். ஈரக் களிமண் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். செங்கல், கருங்கல் கட்டுமானம் அவ்வாறு கடத்தாது. (இங்கு உணரப்படுவது பொருளின் தடைத்திறன். அதனை மின்தடை என்றே எழுதிச் செல்வது, இயற்பியல் பாடநூல் வேறுபடுத்தும் இரண்டினை ஒன்றாக்குவதாகும்.) காந்தமுறை இவ்விடத்திற்கு இன்னும் பொருத்தமானது. இரும்பு உருக்கிய உலையில் வெந்து ஆறிய களிமண்ணும் கசடும் தமக்கெனக் காந்தத்தன்மை பெற்று, சுற்றியுள்ள புவிக்காந்தப் புலத்தில் சிறு மாறுபாட்டை உண்டாக்குகின்றன. ஆனால் அப்பள்ளத்தாக்கின் சண்டிகளுக்குப் பயன்பட்ட செம்புரைக்கல்லும் இரும்புச் செறிவுடையதே. வேலிக் கம்பியும் கருவியை ஏமாற்றும். மண்வெட்டி சென்று பார்க்கும் வரை மாறுபாடு மாறுபாடாகவே நிற்கும்.

நம் எழுத்தின் குறை இதன்பின்தான் தொடங்குகின்றது. உலை இருந்தது எனக் கருதக் காந்தமானி இடந்தரலாம். அதனை மூட்டியவர் எம்மொழியினர், எந்நூற்றாண்டினர் என்பதை அது கூறாது. காலத்தைக் கரித்துண்டின் கரிமக் கணிப்பு போன்ற வேறு முறைகளே தரவேண்டும். முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பை நாம் அறிவதோ கல்வெட்டால். இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, அறிவியல் மெய்ப்பித்தது எனப் பயனிலை அமைத்தால், வாக்கியம் இலக்கண வழுவின்றி நிற்கும், வாதம் நில்லாது. கடாரத்தின்மேல் நமக்குள்ள பற்று பெரிது. அதனாலேயே எதிர்வாதம் செய்வோர்க்கு இத்தகைய வாக்கியங்கள் எளிய இலக்காகின்றன.

இம்முறைகளின் உண்மையான பயன் தமிழில் பேசப்படாமலே போகின்றது. 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் சண்டி 11 இடிக்கப்பட்டது வெளிவந்தது. அது நிலத்தில் மறைந்திருந்ததன்று, எண்ணிடப்பட்டு அறியப்பட்டிருந்தது. அறியப்பட்டதற்கே அந்நிலை எனில், செம்பனை வேர்களின் கீழ் இன்னும் அகழப்படாதிருப்பவற்றின் எல்லையை, ஒரு பிடி மண்ணையும் புரட்டாமல் முன்னரே வரைபடத்தில் குறித்துத் தர இக்கருவிகளால் இயலும் என்பதைத்தான் நம் கட்டுரையாளர்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.