படம் ஓடாத 11 நாள்

மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவின் போனில் ஆறு வாரத்துக்கு முன் ஒரு வீடியோ ஆப் போட்டுக் கொடுத்தேன். ஆண்டுச் சந்தா. அந்த ஆறு வாரத்தில் 11 நாள் அது ஓடவில்லை. ஓடிய நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு அதிகமில்லை. படம் துல்லியம், ஒலி சுத்தம், பழைய சீரியல்கள் வரிசை கலையாமல் முழுதாக இருக்கின்றன. பாதியில் நிறுத்திய இடத்தை ஆப் மறப்பதே இல்லை. மழை நாளில் நெட் மந்தமானால் படம் கொஞ்சம் மங்குமே தவிர நிற்காது. சில விநாடித் துண்டுகளாக வீடியோ வருவதால், அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்கிச் சமாளித்துவிடுகிறது. இந்த வேலையை இந்த ஆப் மிக நன்றாகச் செய்கிறது. ஆகவே நிறுவனத்தில் திறமையான ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அந்த 11 நாள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டார். "சுத்திக்கிட்டே இருக்குப்பா. அப்புறம் இங்கிலீஷ்ல என்னமோ எழுதி வருது."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். 'சம்திங் வென்ட் ராங். ப்ளீஸ் ட்ரை அகெய்ன் லேட்டர்.' கீழே ஒரே ஒரு பட்டன்: 'ரீட்ரை'. பிழைக்கான எண் எதுவும் இல்லை.

இந்த ஆப்பின் முகப்பு தமிழில் இருக்கிறது. பட்டியல் தமிழில் இருக்கிறது. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் பெட்டி நல்ல தமிழில் வருகிறது. ஏதோ கோளாறு என்று சொல்ல வேண்டிய ஒரு வரி மட்டும் இங்கிலீஷில் வருகிறது. 68 வயதில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு உதவி தேவைப்படும் அந்த ஒரு நிமிஷத்தில் தமிழைக் கைவிட்டுவிடுகிறார்கள். மொழியாவது போகட்டும், அந்த வாக்கியத்தில் செய்தியே இல்லையே! நெட் இல்லையா? சந்தா தீர்ந்ததா? ஒரே கணக்கில் அதிகம் பேர் பார்க்கிறார்களா? போனில் இடமில்லையா? வீடியோவின் பூட்டைத் திறக்கும் உரிமம் கிடைக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எங்கே தடுக்கியது என்பது ஆப்புக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் 'அப்புறம் வா' என்கிறது.

போனிலேயே அம்மாவுக்கு வழி சொன்னேன். முதலில் ஆப்பை முழுதாக நிறுத்தித் திறக்கச் சொன்னேன். பிறகு போனையே அணைத்துப் போடச் சொன்னேன். அடுத்தது, எல்லோரும் சொல்லும் 'கிளியர் கேச்'. கேச் என்பது ஆப் அடிக்கடி தேவைப்படும் படங்களையும் துணுக்குகளையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்திருப்பது. அழித்தால் நஷ்டமில்லை, மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை. அதன் பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வை அழுத்தச் சொன்னேன். அது வேறு சமாச்சாரம். லாகின், அமைப்புகள், ஆப்புக்குள் இறக்கி வைத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். சென்னைக்கு வரும்போது பஸ்ஸில் பார்க்கலாம் என்று அம்மா 14 எபிசோட் இறக்கி வைத்திருந்தார். அத்தனையும் போனது. கோளாறு அப்படியே இருந்தது. இந்த இரண்டு பட்டன்களையும் ஒரே மூச்சில் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும், நான் உட்பட, இரண்டாவதைச் சொல்லும் முன் 'இறக்கி வைத்தது ஏதாவது இருக்கிறதா' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வட்டத்தைச் சுருக்கினேன். வீட்டு வைஃபையை அணைத்து சிம் டேட்டாவில் போட்டுப் பார்த்தார், அதே வரி. ஆக, நெட் காரணமில்லை. ஹாலில் இருக்கும் டிவியில் அதே கணக்கில் அதே சீரியல் ஓடியது. ஆக, சந்தாவும் காரணமில்லை. அதே போனில் யூடியூப் ஓடியது. ஆக, போன் முழுக்கக் கெட்டுவிடவும் இல்லை. இந்தப் போனுக்கும் இந்த ஆப்புக்கும் நடுவில் மட்டும் ஏதோ முறிந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வர எந்தக் கருவியும் தேவையில்லை, மூன்று சோதனை போதும். ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்கலாம். அம்மா அதையும் செய்தார். திரும்பப் போட்ட ஆப்பில் லாகின் ஆனது, முகப்புப் படங்கள் அழகாக வந்தன, பிளே அழுத்தியதும் வட்டம் சுற்றியது.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் சேவையில் 40 நிமிஷம் எழுதிப் பேசினேன். கேச், டேட்டா, நீக்கிப் போடு என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் செய்தாயிற்று என்றதும் கடைசியாக வந்தது: 'போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.'

அம்மாவின் போனில் அப்பா அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றன. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சீரியல் ஓடவில்லை என்பதற்காக அந்தப் போனைத் துடைக்கச் சொல்வதற்கு, காரணம் என்னவென்று தெரிந்தாவது இருக்க வேண்டும். தெரியாமல் ரீசெட் சொல்வது ஆபத்து. 2025 மார்ச்சில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. உள்ளே இருந்த பத்து வருஷச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். அப்போது கூகுள் விடுத்த முதல் வேண்டுகோளே 'ரீசெட் செய்யாதீர்கள்' என்பது. பிழை வேறிடத்தில் இருக்கும்போது நம் பக்கத்தைத் துடைத்துப் பயனில்லை. அந்தச் செய்தி படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், தேதி என்பது எவ்வளவு பெரிய பூட்டு என்று.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு விடியலில் போய் இறங்கினேன். காபி குடித்துவிட்டு அம்மாவின் போனோடு உட்கார்ந்தேன்.

என் மனதில் மூன்று சந்தேகம் இருந்தது. ஒன்று, ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ. பல ஆப்கள் தமக்குள் இணையப் பக்கத்தைக் காட்ட நம்பியிருக்கும் பொதுப் பாகம் அது. 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு அப்டேட் பழுதாகி, ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அம்மாவின் போனில் அது புதிதாகவே இருந்தது. இரண்டாவது, பிரைவேட் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் வசதி. விளம்பரத்தைத் தடுக்க அங்கே யாராவது ஒரு முகவரியைப் போட்டுவைத்தால், வீடியோ ஆப்புகள் சில திணறும். அங்கேயும் ஒன்றுமில்லை.

மூன்றாவதைத்தான் அதிகம் சந்தேகித்தேன்: வைட்வைன். படத்தைத் திருடவிடாமல் காக்கும் பூட்டு. 2010-ல் கூகுள் வாங்கிய நிறுவனத்தின் சரக்கு. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலான கட்டண வீடியோக்களைத் திறக்கும் சாவி அதுதான். எல்-1 என்றால் பூட்டு திறப்பது சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பான அறையில் நடக்கும், ஹெச்.டி. கிடைக்கும். எல்-3 என்றால் எல்லாம் மென்பொருளில். பெரும்பாலான ஆப்கள் மங்கலான படத்தோடு நிறுத்திக்கொள்ளும். 2018-ல் வந்த போக்கோ எஃப்-1 எல்-3-யோடுதான் கடைக்கு வந்தது, அடுத்த வருஷம்தான் அப்டேட்டில் எல்-1 கிடைத்தது. ஒன்பிளஸ் 5 வைத்திருந்தவர்கள் இதற்காகப் போனையே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போர்டு மாற்றிய போன்களிலும் இந்தச் சாவி தொலைவதுண்டு. அம்மாவின் போன் ஒருமுறை சர்வீஸ் போய்வந்தது. அதனால் நிச்சயம் இதுதான் என்றிருந்தேன். சோதித்தால் எல்-1 என்றே காட்டியது.

மூன்றும் பொய்த்தன. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, அம்மா வாட்ஸ்அப்பில் யாருக்கோ பதில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்தேன். பட்டியலில் என் பெயருக்கு எதிரே, காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் அனுப்பிய 'இறங்கிட்டேன்மா' என்ற செய்தி. அதன் ஓரத்தில் மணிக்குப் பதில் 'நேற்று' என்று இருந்தது.

இன்று காலை அனுப்பிய செய்தி எப்படி நேற்றாகும்? லாக் ஸ்கிரீனைப் பார்த்தேன். திங்கட்கிழமை என்றது. சுவரில் அம்மா காலையில் கிழித்த காலண்டர் ஞாயிறு காட்டியது. போன் ஒரு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மணி சரி, நிமிஷம் சரி, தேதி மட்டும் தவறு. அம்மாவுக்குத் தேதி என்றால் சுவர்க் காலண்டர்தான், போனில் மணி மட்டும்தான் பார்ப்பார். காலையிலிருந்து நானும் பத்து தடவை அந்த லாக் ஸ்கிரீனைத் திறந்திருந்தேன். கண் பார்த்தது, மனம் வாங்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு அக்கா மகன் அம்மாச்சி வீட்டுக்கு வந்திருந்தான். அவன் விளையாடும் கேமில் உயிர்கள் தீர்ந்துவிட்டால், அவை திரும்ப வரும் வரை காத்திருக்க வேண்டும். தேதியை ஒரு நாள் தள்ளி வைத்தால் உடனே கிடைத்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தை. செட்டிங்ஸில் தானாக நேரம் வைக்கும் வசதியை அணைத்து, தேதியைத் தள்ளிவிட்டு, ஊருக்குக் கிளம்பிவிட்டான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. பத்து வயதுப் பையன்.

அந்த வசதியைத் திரும்பப் போட்டேன். தேதி ஒரு நாள் பின்னால் குதித்தது. ஆப்பைத் திறந்து பிளே அழுத்தினேன். ஓடியது.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். லாகின் ஆனதும் சர்வர் ஆப்புக்கு ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு தருகிறது. சில மணி நேரம்தான் அது செல்லும். ஆப் அதன் காலாவதி நேரத்தைப் போனின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. போன் ஒரு நாள் முன்னால் இருப்பதால், கைக்கு வரும்போதே சீட்டு செத்துவிடுகிறது. புதிய சீட்டு கேட்கிறது, அதுவும் செத்துப் போகிறது. அம்மா சொன்ன 'சுத்திக்கிட்டே இருக்கு' இதுதான். மற்ற ஆப்களுக்கு ஏன் பாதிப்பில்லை? இணையத் தளங்களின் சான்றிதழ்கள் மாதக்கணக்கில் செல்லும், ஒரு நாள் வித்தியாசம் அவற்றை ஒன்றும் செய்யாது. தேதி பெரிதாகத் தவறினால் குரோம் 'உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுகிறது' என்று நேரடியாகவே சொல்லும். வாட்ஸ்அப்பும் போனின் தேதி சரியில்லை என்று எச்சரிக்கும்.

இந்த ஆப்புக்கு அதைச் சொல்ல முடியாதா? நன்றாக முடியும். இணையத்தில் சர்வர் அனுப்பும் பதிலோடு, அந்த நேரத்துத் தேதியும் மணியும் வழக்கமாகவே சேர்ந்து வருகின்றன. அதைப் போனின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். 'உங்கள் போனின் தேதி தவறாக இருக்கிறது, சரிசெய்யுங்கள்' என்று தமிழில் ஒரு வரி போட்டிருந்தால், அம்மா அந்த வியாழக்கிழமை ராத்திரியே சரிசெய்திருப்பார். 14 எபிசோடும் தப்பியிருக்கும். போனைத் துடைக்கச் சொல்லும் நிலைக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் விளக்கி நிறுவனத்துக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. மூன்று வாரமாகிறது, பதில் இல்லை.

படத்துக்காகவும் பழைய சீரியல்களுக்காகவும் இந்த ஆப்பைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள், மாதச் சந்தா போடுங்கள். எந்த வீடியோ ஆப் முரண்டு பிடித்தாலும், 'கிளியர் டேட்டா' பக்கம் போவதற்கு முன் போனின் தேதியைச் சுவர்க் காலண்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.