கண்டதும் கேட்டதும்

பினாங்கில் ஆர்மீனியன் தெருவில் நடந்தவர்களும், சிங்கப்பூரில் 1835-ஆம் ஆண்டு எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்தைக் கண்டவர்களும் நம்மிடையே பலர். ஆர்மீனிய மொழியின் முதல் இதழே 1794-இல் சென்னையில்தான் அச்சேறியது. வணிகராக இப்பக்கம் வந்த அம்மக்களை நாம் ஓரளவு அறிவோம். அவர்தம் தாயகத்தில் நேர்ந்த பேரழிவையும், அதற்குச் சான்றாக நிற்கும் எழுத்துகளையும் அறிந்தோர் சிலரே. அவ்வெழுத்தாளருள் தலைசிறந்த ஒருவரான ஜாபெல் யெஸாயன் அம்மையாரின் இரு படைப்புகளை ஈண்டு ஒப்பிட்டு ஆராய்வோம்.

அம்மையார் 1878-இல் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் பிறந்தவர்; பாரிசில் பயின்றவர்; நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர். 1908-இல் துருக்கியப் பேரரசில் அரசியல் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. எல்லா இனத்தாரும் சமமாக வாழலாம் என்ற நம்பிக்கை எங்கும் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1909 ஏப்ரலில், அதானா நகரிலும் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 20,000 ஆர்மீனியர் கொல்லப்பட்டனர். அநாதைக் குழந்தைகளுக்கு உதவச் சென்ற குழுவில் ஒருவராக அம்மையார் அங்குச் சென்றார். அங்கு அவர் கண்டவற்றின் பதிவே 1911-இல் வெளிவந்த 'இடிபாடுகளின் நடுவே' என்னும் நூல்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். இந்நான்கும் இந்நூலில் உள்ளன. கணவரையும் மக்களையும் பறிகொடுத்த பெண்களிடம் இழவைக் காண்கிறோம். எரிந்து கிடக்கும் வீடுகளும் தேவாலயங்களும் அசைவைக் காட்டுகின்றன. நேற்றுவரை செழித்திருந்தோரின் நிலைகெட்ட கோலம் அது. குழந்தைகளின் பசியில் வறுமையைக் காண்கிறோம். இந்நான்கனுள் மிகக் கொடியது இளிவு. தற்காப்புக்காக எதிர்த்து நின்ற ஆர்மீனியர் சிலரையும் குற்றவாளிகளாக்கித் தூக்கிலிட்டனர். துன்புற்றோரையே பழிகாரராக்கும் அவ்விளிவை அம்மையார் மறவாது பதிவு செய்கிறார்.

அம்மையார் படுகொலையைக் கண்டவர் அல்லர். அதன் பின்னிலையைக் கண்டவர். தாம் கண்ட பின்னிலையைத் தம் உள்ளத்தின் குரலால் கூறுகிறார். தாம் காணாத கொலையை, உயிர் தப்பியோரின் வாய்மொழியால் கூறுகிறார். தம்மை அந்நாட்டின் உரிமைக் குடிமகளாக நிறுத்தி, துருக்கியரும் இந்நூலைப் படித்தல் வேண்டும் என்றே எழுதுகிறார். சில இடங்களில் உணர்ச்சி கரைபுரண்டு ஓடுகிறது என்பது உண்மையே. அழுகையைத் தன் துயர்க்கு அழுதல், பிறர் துயர் கண்டு அழுதல் என உரையாசிரியராகிய பேராசிரியர் பகுத்தது இங்கு நினைக்கத்தக்கது. அம்மையார் கண்டு அழுதவர். ஆதலின் அவ்வுணர்ச்சி மிகையெனப் படவில்லை.

இனி, இரண்டாவது படைப்பைப் பார்ப்போம். 1915 ஏப்ரல் 24-ஆம் நாள் கான்ஸ்தாந்திநோபிளில் ஆர்மீனிய அறிஞர்களும் எழுத்தாளர்களும் கைதாகத் தொடங்கினர். கைது செய்யப்பட வேண்டியோர் பட்டியலில் அம்மையாரின் பெயரும் இருந்தது. அவர் மறைந்திருந்து பல்கேரியாவுக்குத் தப்பினார். அவருடைய மக்கள் சிரியப் பாலைவனத்தை நோக்கி விரட்டப்பட்டனர். மாண்டோர் தொகையை அறிஞர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை எனக் கணிப்பர்.

பின்னர்க் காக்கசஸ் பகுதியில் ஹாய்க் தொரொயான் என்பவரை அம்மையார் சந்தித்தார். அவர் ஒரு ஜெர்மானிய அதிகாரியின் மொழிபெயர்ப்பாளராக யூப்ரடீஸ் ஆற்றோரமாகச் சென்றபோது அகதி முகாம்களை நேரில் கண்டவர். அவர் சொல்லச் சொல்ல அம்மையார் எழுதிய சாட்சியம் 1917-இல் பாகு நகர இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் சாவுத் துன்பத்தை இலக்கியப் பொருளாக்குவது புனிதத்தைக் கெடுக்கும் செயல் எனக் கருதி, எழுத்தழகு அனைத்தையும் விலக்கியதாக அம்மையாரே முன்னுரையில் உணர்த்துகிறார்.

இரண்டாவது படைப்பில் இலக்கியச் சுவை குறைவு என்று குறை கூறுவார் உளர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. முதல் நூலில் கண்கள் அவருடையவை. ஆதலின் குரலும் அவருடையதாயிற்று. இரண்டாவதில் கண்கள் பிறருடையவை. அங்கே தம் குரலை உயர்த்தியிருந்தால், கண்டவனின் குரல் அமுங்கிப் போயிருக்கும். திறமையில்லாதார் சுவையின்றி எழுதுவது இயல்பு. திறமை மிக்க நாவலாசிரியர் ஒருவர் தம் திறமையை அடக்கி வைப்பது அரிது. அவ்வடக்கத்தையே நாம் அப்படைப்பின் சிறப்பாகக் கொள்ளல் வேண்டும்.

பல்லாண்டுகளுக்கு முன் எம் தோட்டப் பள்ளியில் வெள்ளம் புகுந்தது. அதைப்பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் மரபுத்தொடர்களை அடுக்கி அழகாக எழுதினான். மற்றொருத்தி, தன் பாட்டியின் கண்ணாடி சேற்றில் கிடைத்ததையும், பாட்டி அதைத் துடைத்துத் துடைத்து அணிந்ததையும் எழுதினாள். நான் முதலாமவனுக்கே மிகுதியான மதிப்பெண் கொடுத்தேன். யெஸாயனைப் படித்தபின் அத்தவறு என்னை உறுத்துகிறது.

இது வகுப்பறையோடு நிற்கும் செய்தியன்று. 1915-இல் நடந்ததை இனப்படுகொலை என்று துருக்கி அரசு இன்றும் ஏற்பதில்லை. மறுப்போர் இருக்கும்வரை சான்றுக்குத் தேவையும் இருக்கும். மிகைப்படுத்திய ஒரு சொல் போதும், உண்மையான நூறு சொற்களையும் பொய்யென்று தள்ளிவிடுவர். அம்மையாரின் அடக்கம் வெறும் நடைச் சிறப்பன்று. அது மாண்டோருக்கு அவர் அமைத்த காவல்.

அவ்வம்மையாரின் முடிவு துயரமானது. 1933-இல் சோவியத் ஆர்மீனியாவில் குடியேறிய அவர் 1937-இல் கைது செய்யப்பட்டார். 1943-இல் இறந்திருக்கலாம் என்பர். எங்கே, எவ்வாறு என்பதற்குச் சான்றில்லை. எத்தனையோ பேரின் சாவுக்குச் சான்றுரைத்தவரின் சாவைக் கண்டு சொல்ல ஒருவரும் இல்லாமற் போயினர். முதல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல் வெளிவந்துள்ளது. ஆசிரியப் பெருமக்கள் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். பின்னர்த் தம் மாணவரிடம், "நீ கண்டதை எழுது; கேட்டதைக் கேட்டதாகவே எழுது" என்று சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.